நடந்தே கற்கும் வரலாறு

வரலாறு என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதே வரலாறு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே வரலாற்றை நடந்தே கற்கலாம்! அங்குள்ள 'கறுப்பர் மரபுப் பாதை' சுமார் 1.6 மைல் நீளமுடையது. தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டிகள் மக்களை அழைத்துச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் நின்று அதன் கதையைக் கூறுகின்றனர். வாருங்கள் தோழியரே, நாமும் மனத்தால் நடந்து வருவோம்.

முதலில் நாம் காண்பது 1897-ல் திறக்கப்பட்ட வெண்கலச் சிற்பம். உள்நாட்டுப் போரில் போரிட்ட மாசசூசெட்ஸ் 54-ஆவது படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் அதில் அணிவகுத்துச் செல்கின்றனர். வெள்ளை வீரரைவிடக் குறைந்த சம்பளம் தரப்பட்டபோது, அதைத் தொடவே மறுத்த மானமுள்ளவர்கள் இவர்கள். 1864-ல்தான் சம ஊதியம் வழங்க வழி பிறந்தது.

அடுத்து, பிலிப்ஸ் தெருவிலுள்ள ஒரு வீடு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த லூயிஸ் ஹேடனும் அவர் மனைவி ஹேரியட்டும் இங்கு வாழ்ந்தனர். தப்பி வருவோரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று 1850-ல் கடுமையான சட்டம் வந்த பின்னரும், இவர்கள் வீட்டுக் கதவு அவர்களுக்கு அடைபடவில்லை.

பின்னர், 1806-ல் கட்டப்பட்ட ஆப்பிரிக்கர் ஆலயமும், அதனருகே 1835-ல் கறுப்பினச் சிறாருக்கென்றே கட்டப்பட்ட ஏபியல் ஸ்மித் பள்ளியும் உள்ளன. சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வழியிலிருந்த ஐந்து பள்ளிகளைக் கடந்து இங்குதான் வர வேண்டும் என்றனர். காரணம், அவள் நிறம்! தந்தை வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும், சார்லஸ் சம்னரும் வாதாடினர். 1850-ல் வழக்கு தோற்றது. ஆயினும் பெற்றோர் சோர்ந்துவிடவில்லை. மனுக்கள் எழுதினர், பிள்ளைகளை அப்பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். 1855-ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் எல்லாப் பள்ளிகளின் கதவுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது.

'ஐந்து பள்ளிகள்' என்பது ஏட்டிலே இரண்டு சொற்கள்தாம். அத்தெருக்களில் நடப்பவருக்கோ, ஒரு சின்னஞ்சிறு குழந்தையின் கால்வலி புரியும். நடைப்பயணத்தின் பயன் இதுவே. மழையென்றும் வெயிலென்றும் பள்ளிக்கு வர முணுமுணுக்கும் எனக்கு, இதைப் படித்த நாள் முதல் சாராவின் நினைவு வருகிறது. எனக்காகத் திறந்திருக்கும் கதவைப் பார்க்கிறேன், முணுமுணுப்பு அடங்கிவிடுகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி