கழிவு எரிக்கும் உலையும் கறவை மாடும்

தர்மபுரி மாவட்டத்தில் சிறு விவசாயிக்குத் தவறாமல் கையில் காசு தருவது கறவை மாடுதான். ராகியும் சாமையும் மழையைப் பொறுத்தவை. தக்காளி நாளைக்கு என்ன விலைக்குப் போகும் என்பது பாலக்கோடு மண்டிக்காரருக்கே தெரியாது. காலையும் மாலையும் சொசைட்டியில் ஊற்றுகிற பால்தான் வீட்டுச் செலவைத் தாங்குகிறது. அந்தப் பாலுக்கு ஆலைப் புகையால் கேடு வர முடியுமா, எப்படி வரும், வராமல் தடுக்க எந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நல்லம்பள்ளி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வரும் காலம் இது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டபோது ஓசூரும் நம் மாவட்டத்தில்தான் இருந்தது; 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. தொழிற்சாலை வந்தால் வேலை வரும். வர வேண்டியதுதான். ஆனால் அதன் பின்னாலேயே கழிவும் வரும்.

சாயக் கசடு, கரைப்பான், பெயின்ட் கசடு, மருந்து ஆலை மிச்சம், காலாவதியான பூச்சிமருந்து முதலியவற்றை அரசு 'அபாயக் கழிவு' என்று தனியாகப் பிரித்திருக்கிறது. இவற்றைக் குப்பையோடு கொட்டக்கூடாது. சிலவற்றை அடியில் தகடு விரித்த குழியில் புதைக்கிறார்கள். சிலவற்றை உலையில் எரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பொது நிலையம் இருக்கிறது.

முறையாக எரித்தால் எரிப்பது மோசமான வழியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். உலையில் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் கழிவு எரிகிறது. அதிலிருந்து எழும் வாயு இரண்டாம் அறையில் 1,100 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 2 வினாடி நிற்க வேண்டும். அப்போதுதான் நச்சுப் பொருள்கள் சிதையும். பிறகு வாயுவைச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடையில் வரும்போது, சிதைந்ததெல்லாம் சாம்பல் துகளின் மேல் மறுபடி ஒன்று சேர்ந்து 'டையாக்ஸின்' என்ற கொடிய நஞ்சாகிவிடும். அதன் பிறகு சுண்ணாம்பும் கரித்தூளும் தூவி, துணிப்பை வடிகட்டியில் துகளைப் பிடித்து, குறைந்தது 30 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கி வழியாக வெளியே விட வேண்டும். புகைபோக்கியில் டையாக்ஸின் ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது 2008-ல் மத்திய அரசு வகுத்த விதி. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவுக்கு ஒரு விதியா என்று தோன்றலாம். காரணம் கீழே வருகிறது.

உலை ஒழுங்காக ஓடும் நாளில் கவலை குறைவு. மின்சாரம் தடைப்படும் நாள், உலையை மூட்டும் நேரம், அணைக்கும் நேரம், ஈரக் கழிவைத் திணித்துச் சூடு இறங்கும் நேரம், வடிகட்டிப் பை கிழிந்த இரவு ஆகியவைதான் ஆபத்து. அதனால் வருடத்தில் ஒரு நாள் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வந்து அளக்கும் அளவை மட்டும் வைத்து உலையை எடை போடுவது சரியல்ல.

புல்லிலிருந்து பாலுக்கு

டையாக்ஸினை நாம் மூச்சில் இழுப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு உணவு வழியாக வருகிறது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பொதுவாக வேர் வழியாகப் பயிருக்குள் அதிகம் ஏறுவதில்லை (பூசணி இனம் மட்டும் விதிவிலக்கு என்று கண்டிருக்கிறார்கள்). துகளாக வந்து இலை மேல் படிகிறது. ஒரு கறவை மாடு தினமும் கட்டுக் கட்டாகப் பசும்புல் தின்கிறது. பல ஏக்கரில் மெலிதாகப் படிந்ததை மாடு வாயால் திரட்டித் தன் கொழுப்பில் சேர்த்து, பாலின் வெண்ணெய்ச் சத்தோடு வெளியே அனுப்புகிறது. காய்ச்சினால் போகாது. ஆடை எடுத்தால் பாலில் குறையும். ஆனால் அது நெய்யில் போய்ச் சேரும். மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டை மஞ்சள் கருவும் இப்படித்தான். ஓரிடத்தில் டையாக்ஸின் இருக்கிறதா என்று அறிய வெளிநாடுகளில் முதலில் சோதிப்பது கோழி முட்டையைத்தான். மனித உடம்பில் புகுந்தால் பாதி வெளியேறவே 7 வருடத்துக்கு மேலாகும். அதனால்தான் அவ்வளவு சிறிய அளவுக்கும் விதி போட்டிருக்கிறார்கள்.

மாடு நோயுறுவதில்லை, கறவை குறைவதில்லை, பாலில் வாடை இல்லை. சொசைட்டியில் கொழுப்புச் சத்தும் சரியாகவே காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்ன செய்யும் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு எத்தனை பேர் பல்லையும் எலும்பையும் கெடுத்தது என்று பார்த்தவர்கள் நாம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

ஹாலந்தில் ராட்டர்டாம் நகரை அடுத்த மேய்ச்சல் பகுதியில் 1989-ல் பாலைச் சோதித்தபோது டையாக்ஸின் அதிகமிருந்தது. பக்கத்துக் குப்பை எரிப்பு உலைகளே காரணம் என்று தெரிந்தது. அந்தப் பாலின் விற்பனைக்கே தடை வந்தது. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் ஜில்லி என்னும் ஊரில் இருந்த உலையை 2001-ல் மூடினார்கள். அதற்குள் சுற்றியிருந்த பண்ணைகளின் பால் கெட்டுவிட்டது. ஏறத்தாழ 7,000 கால்நடைகளைக் கொன்று, 2,000 டன்னுக்கு மேல் பால் பொருள்களை அழித்தார்கள். அவை நோய் கண்ட மாடுகளல்ல, பார்வைக்கு நல்ல மாடுகள். பெரிய பண்ணைக்காரருக்கே அந்த நிலை என்றால் இரண்டு மாடு வைத்திருப்பவர் கதி என்ன?

பீதம்பூரில் நடந்தது

நம் நாட்டிலேயே அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆலை தயாரித்தது 'செவின்' பூச்சிமருந்து. கார்பரில் தூள் என்று நம் ஊர்க் கடைகளிலும் விற்றதுதான். 2018-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஆலை மூடிய பின் மிஞ்சிய மருந்துக் கசடும் நச்சு மண்ணுமாக 337 டன் கழிவு அங்கேயே கிடந்தது. குஜராத்தில் அங்கலேஷ்வருக்கு அனுப்பப் பார்த்தார்கள். 2007-ல் அந்த மாநில அரசு மறுத்தது. ஜெர்மனிக்கு அனுப்ப நடந்த பேச்சு 2012-ல் முறிந்தது. யாருக்கும் வேண்டாத சரக்கு அது. கடைசியில் மத்தியப் பிரதேசத்திலேயே, தார் மாவட்டத்துப் பீதம்பூரில் உள்ள தனியார் உலைக்கு முடிவாயிற்று. 2015-ல் அங்கே 10 டன் எரித்துச் சோதனை நடந்தது.

2024 டிசம்பர் 3-ம் தேதி, நான்கு வாரத்தில் கழிவை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரி 1-ம் தேதி இரவு 12 லாரிகள் போலீஸ் காவலோடு போபாலிலிருந்து கிளம்பி, சுமார் 250 கிலோ மீட்டர் கடந்து விடிவதற்குள் பீதம்பூர் சேர்ந்தன. அடுத்த நாள் ஊர் முழுக்கக் கடையடைப்பு, மறியல், தடியடி. இரண்டு பேர் தங்கள் மேல் தீ வைத்துக்கொண்டு காயமடைந்தார்கள். இது மிகவும் வருத்தத்துக்குரியது. எந்தக் கோரிக்கைக்கும் உயிரைப் பணயம் வைக்கலாகாது. ஆனால் அந்த நிலை ஏன் வந்தது என்றும் கேட்க வேண்டும். உலைக்குப் பக்கத்திலேயே தார்புரா என்ற கிராமம் இருக்கிறது. தங்கள் கிணறு, பயிர், இந்தூர் நகருக்குக் குடிநீர் தரும் ஏரி என்னவாகும் என்று கேட்டவர்களை உட்கார வைத்துப் பதில் சொல்லும் முன்பே லாரிகள் வந்துவிட்டன.

எதிர்ப்புக்குப் பிறகு அரசு நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டது. முழுவதையும் ஒரேயடியாக எரிக்காமல், முதலில் 10 டன் வீதம் மூன்று சோதனைகள் நடந்தன. மணிக்கு 135 கிலோ, பிறகு 180, பிறகு 270 என்று படிப்படியாக ஏற்றினார்கள். மாசு அளவு வரம்புக்குள் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. மீதியை மே மாதம் தொடங்கி ஜூன் 30-க்குள் எரித்து முடித்தார்கள். கழிவு எரிந்துவிட்டது, எதிர்த்தவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அவசரமாக நடக்க இருந்த காரியம் ஆறு மாதம் நீண்டு, படிப்படியாக அளந்து செய்யப்பட்டது எதிர்ப்பினால்தான் என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. எரித்தது 337 டன்னும் சில உதிரிகளும். மிஞ்சிய சாம்பலும் கசடும் 800 டன்னுக்கு மேல்! எரித்தால் குறையத்தானே வேண்டும் என்று கேட்கலாம். எரிக்கும்போது அமில வாயுவை அடக்கச் சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறார்கள். அது உப்பாக மாறிச் சாம்பலோடு சேர்ந்துகொள்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தீ அழிக்காது. அவையும் அதிலேயே இருக்கும். அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்ற வழக்கு 2025-லேயே மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகவே ஓர் ஊரில் உலை வருகிறது என்றால் புகையைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. சாம்பல் எங்கே போகும், அந்தக் குழிக்கும் ஊர்க் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்றும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய நேரம்

அபாயக் கழிவுப் பொது நிலையம் அமைக்க 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். அதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கலெக்டர் தலைமையில், அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி தலைமையில், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் வரும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே ஆகும். பகிஷ்கரித்துவிட்டு வெளியே கோஷம் போட்டால் உள்ளே ஆட்சேபணை ஏறாது. நேரில் பேசுவதோடு எழுத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட்டம் முடியும்போது, பேசியவற்றைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் அதிகாரி கையெழுத்திட வேண்டும். அதுவரை எழுந்து போகாதீர்கள். அனுமதி கிடைத்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம்.

இதில் ஒரு நெளிவு உண்டு. ஏற்கெனவே சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குத் தனிக் கூட்டம் தேவையில்லை என்று சொல்ல விதியில் இடமிருக்கிறது. ஆகவே தொழிற்பேட்டைக்கே அனுமதி கேட்கும் கூட்டத்தில், "இதற்குள் கழிவு எரிக்கும் உலை உண்டா, வெளி மாவட்டக் கழிவும் இங்கே வருமா?" என்று கேட்டுப் பதிலைப் பதிய வைக்க வேண்டும். பின்னால் கேட்டால் நேரம் கடந்திருக்கும்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, 'முன் அளவு'. உலை மூட்டுவதற்கு முன்பே சுற்றுக் கிராமங்களின் மண், பால், கோழி முட்டை, கிணற்று நீர் ஆகியவற்றைச் சோதித்து முடிவைப் பஞ்சாயத்திடம் கொடுக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லுங்கள். முன் அளவு இல்லாவிட்டால், பின்னால் பால் கெட்டது என்று காட்டினாலும் அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று ஆலைக்காரர் சொல்லிவிடுவார். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு விவசாயி தாங்கும் அளவில் இல்லை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் செய்வதும் இல்லை. அங்கே பார்ப்பது உரச் சத்து மட்டுமே. ஆகவே செலவு ஆலையைச் சேர வேண்டும். மாதிரியை வாரிய அதிகாரியே முறைப்படி எடுத்து முத்திரை வைத்தால்தான் வழக்கில் நிற்கும்.

மண் எடுப்பதிலும் கவனம் வேண்டும். உரப் பரிசோதனைக்கு அரையடி ஆழம் எடுப்பது வழக்கம். டையாக்ஸினுக்கு மேல் 2 அங்குலம் போதும். அதுவும் உழாத மேய்ச்சல் நிலத்தில். உழுத வயலில் எடுத்தால் கீழ் மண்ணோடு கலந்து அளவு குறைத்துக் காட்டும். திசையும் முக்கியம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் உலைக்குக் கிழக்கேயுள்ள ஊர்களில் படியும். மழைக்காலத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்கு ஊர்களிலும் எடுக்க வேண்டும். மார்கழிப் பனியில் காற்றில்லாத விடியலில் புகை மேலே போகாமல் பக்கத்திலேயே இறங்கும். அந்த மாதத்தில் ஒரு அளவு கட்டாயம் வேண்டும்.

ஏற்கெனவே உலையோ, பழைய கேபிள், பிளாஸ்டிக் எரிக்கும் இடமோ பக்கத்தில் இருந்தால் (திறந்த வெளியில் கேபிள் எரிப்பதிலும் டையாக்ஸின் உண்டாகும், வாடகைக்காக வரப்போரத்தை அதற்கு விடுபவர்களும் இருக்கிறார்கள்), புகை படியும் பக்கத்துப் புல்லை அறுத்துக் கறவை மாட்டுக்குப் போட வேண்டாம். அந்தப் பக்கம் மரப்பயிரோ கரும்போ வைக்கலாம். தூரத்து வயலின் சோளத்தட்டை, ராகித் தாள் ஆகியவற்றைப் போர் போட்டு, மூடி வைத்துக் கொடுக்கலாம். சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் சில மாதங்களில் பாலில் நஞ்சு படிப்படியாகக் குறையும். கீரையை நன்றாக அலசியும், கிழங்கைத் தோல் சீவியும் சமைக்க வேண்டும். கோழியை அந்த மண்ணில் மேய விடாமல் பட்டியில் அடைத்து வெளித் தானியம் போடுவது நல்லது. வடிகட்டி நின்று கரும்புகை வந்த நாள், நேரம், காற்றுத் திசை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பார்த்தவர் இருவர் கையெழுத்தோடு, வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.