ஐந்து கிளைக்கும் ஒரே கட்டளை

புறக்கோட்டையில் ஒரு கடையோடு தொடங்கி, கண்டி, அக்குறணை, கல்முனை என்று கிளை பரப்பிய வர்த்தகர்கள் நம்மில் பலர். ஒவ்வொரு கிளையிலும் பில் போடும் கணனி, கமெரா, வைஃபை எல்லாம் ஒரு ரௌட்டரை நம்பியே இருக்கின்றன. பொறுப்பான ஊழியர் ஒருவர் விலகினால் அத்தனை ரௌட்டர்களிலும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். டெக்னீஷியன் நான்கை மாற்றிவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுவார். அது முதலாளிக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நான் சிபாரிசு செய்வது, 1991இல் வெளியான பைதன் என்ற கணனி மொழியை. இலவசமானது. நெட்மிகோ என்ற இலவசத் துணை மென்பொருளையும் சேர்த்தால் சிஸ்கோ, மைக்ரோடிக் போன்ற பல கம்பனிகளின் கருவிகளுக்குக் கட்டளையிடலாம். கிளைகள் தலைமைக் கடையோடு விபிஎன் மூலம் இணைந்திருக்க வேண்டும். ரௌட்டர்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், சில பத்து வரி நிரல் ஒவ்வொன்றாக உள்நுழைந்து, முதலில் பழைய அமைப்பைத் திகதியிட்டுப் பிரதியெடுக்கும், பிறகு மாற்றும், பதில் தராத கிளை எது என்றும் எழுதி வைக்கும். எனக்கு இந்தக் கடைசி வசதிதான் பெரிது.

வீட்டுப் பாவனைக்கான மலிவு ரௌட்டர்கள் பல இதற்கு ஒத்துவராது. வாங்கும்போதே எஸ்எஸ்எச் வசதி உண்டா என்று கேளுங்கள்.

ஆபத்தும் உண்டு. நிரல் பிழைத்தால் ஐந்து கிளையும் ஒன்றாக நிற்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்தக் கம்பனியின் உலகளாவிய வலையமைப்பைத் துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் கோளாறு. தூர இருந்து திருத்த வழியின்றி, பொறியியலாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் ஒரு கிளையில், கடை பூட்டிய பிறகு செய்து பாருங்கள். சிஸ்கோ ரௌட்டரென்றால், பத்து நிமிடத்தில் தானாக மறுபடி இயங்கும்படி முன்கூட்டியே கட்டளையிடலாம். இணைப்பு அறுந்தால், சேமிக்காத மாற்றம் அழிந்து பழைய அமைப்பு திரும்பும். எல்லாம் சரியென்றால் அக்கட்டளையை இரத்துச் செய்து சேமித்துக்கொள்ளலாம். பெருநாள் வியாபார வாரத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கும்படி எழுத பைதனில் வழியுண்டு. பட்டியல், பிரதிகள், நிரல் மூன்றும் முதலாளியின் பெட்டகத்தில் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். டெக்னீஷியனுக்கு நாளையே கட்டார் விசா வரலாம்.