சுரக்குடிப் பையனுக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தை!

காரைக்கால் வட்டாரத்தில் சுரக்குடி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பத்து வயதுப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?" என்று கேட்டால் சிரிப்பான்.

ஆனால், அவனுக்கே நாலு ஜப்பான் வார்த்தைகள் தெரியும்!

"ரிக்ஷா" ஜப்பான் வார்த்தைதான். முழுப் பெயர் "ஜின்ரிக்கிஷா". ஜின் என்றால் மனிதன். ரிக்கி என்றால் பலம். ஷா என்றால் வண்டி. நம் ஊருக்கு வரும் வழியில் "மனிதன்" மட்டும் வண்டியில் இருந்து இறங்கிவிட்டான். தமிழ்நாட்டில் கைரிக்ஷா 1973-ல் ஒழிக்கப்பட்டது. பெயர் ஒழியவில்லை. ஆட்டோவோடு ஒட்டிக்கொண்டது.

"கராத்தே" இன்னொன்று. "கரம்" என்றால் கைதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் "கரா" என்றால் வெறுமை. "தே" என்பதுதான் கை. ஆயுதம் இல்லாத வெறுங்கைச் சண்டை. "ஜூடோ" என்றால் மென்மையான வழி. தூக்கிப் போட்டு முதுகை நோகச் செய்யும் வித்தைக்கு இப்படி ஒரு பெயர்!

நாமும் சும்மா இருக்கவில்லை. ரஜினிகாந்த் நடித்த "முத்து" படம் 1998-ல் ஜப்பானில் ஓடு ஓடு என்று ஓடியது. அங்கே அதற்கு வைத்த பெயர் "ஒடோரு மஹாராஜா". ஆடும் மகாராஜா என்று அர்த்தம்.

நாலாவது வார்த்தை சுனாமி. இது கப்பலிலும் வரவில்லை, சினிமாவிலும் வரவில்லை.

26-12-2004, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 6.30 மணிக்கு சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை நம் கரைக்கு வந்தது. ஓடித் தப்ப அது தாராளமான நேரம். ஆனால், சொல்வதற்கு ஆள் இல்லை. காரைக்கால் மாவட்டத்தில் மட்டும் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரம் பேர்!

"கடல் ஊருக்குள் வந்துவிட்டது" என்றுதான் கரையில் இருந்தவர்கள் அலறினார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்கு மறுநாள் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது.

"சு" என்றால் துறைமுகம். "நாமி" என்றால் அலை. நடுக்கடலில் இந்த அலை ஓர் ஆள் உயரம்கூட எழும்பாது. படகில் இருப்பவனுக்குத் தெரியாது. கரையை நெருங்க நெருங்கத்தான் அது சுவர் போல் எழும்பும். மீன் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, துறை அழிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பார்கள்.

ஜப்பான்காரர்கள் இதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நடந்த கதை. 1854-ல் ஹிரோ என்ற கிராமத்தில் பூமி அதிர்ந்தது. கடல் பொங்கியது. இருட்டில் வழி தெரியாமல் ஜனங்கள் தடுமாறினார்கள். ஹமாகுச்சி கோரியோ என்ற வியாபாரி, மேட்டுக்குப் போகும் வழியில் இருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். வைக்கோலைக் கொளுத்த ஒரு மனம் வேண்டும். அதன் அருமை சுரக்குடி உழவனுக்குத் தெரியும்! அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பலர் மேடேறித் தப்பினார்கள். பிறகு அவர் தம் சொந்தப் பணத்தில் ஊருக்குக் கரை கட்டினார். 1946-ல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும் பகுதியைக் காத்தது. 1937 முதல் பத்து ஆண்டுகள் இந்தக் கதை அங்கே பாடப் புத்தகத்தில் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5-ந் தேதியை சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்ததும் இந்தக் கதையை வைத்துத்தான்.

நமக்கு வைக்கோற்போருக்குப் பதிலாக ஐதராபாத்தில் ஓர் எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. 2007-ல் ஏற்பட்டது. கடலுக்கு அடியில் பூமி அசைந்தால் சில நிமிடங்களில் அங்கே தெரிந்துவிடும்.

"ஆழிப்பேரலை" என்று புலவர்கள் நல்ல தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். ஆனால், கடற்கரை ஊர்களில் வழி கேட்டுப் பாருங்கள். "சுனாமி குடியிருப்புக்குப் பக்கத்தில்" என்றுதான் கை காட்டுவார்கள்.