மழையைக் குடிக்கும் மணல்... ஃப்ளோரிடா பைன் காட்டில் ஒரு நாள் நடை!

மலை இல்லை. செங்குத்தான ஏற்றம் இல்லை. வரைபடத்தில் பார்த்தால், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஒக்காலா தேசியக் காடு, குழந்தைகளோடு காலாற நடந்துவிட்டு வரக்கூடிய இடமாகத்தான் தெரியும். ஆர்லாண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக கார் ஓட்டினால் போதும். ஆனால், ‘சமதளம்தானே...’ என்று ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினால், பாதி வழியிலேயே இந்தக் காடு பாடம் நடத்தத் தொடங்கிவிடும். காரணம், காலடியில் இருக்கும் மணல்.

தண்ணீர் எங்கே போகிறது?

கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக இருந்த காலத்தில் உருவான மணல்மேடுகளின் மீது வளர்ந்த காடு இது. ஃப்ளோரிடாவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால், இங்கே பெய்யும் மழை தரையில் ஓடுவதில்லை. மணல் அதை அப்படியே உறிஞ்சி, கீழே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு அனுப்பிவிடுகிறது. அதனால், ஈரமான மாநிலத்தின் நடுவே வறண்ட ஒரு காடு!

இங்கே அதிகம் தெரிவது ‘மணல் பைன்’. இதன் காய்களில் பல, வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். காட்டுத்தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதையை உதிர்க்கும். ஃப்ளோரிடாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலநிற ‘ஸ்க்ரப் ஜே’ பறவைக்கும் இந்தக் குட்டைப் புதர்க்காடுதான் வீடு. அமெரிக்க அரசு 1908-ம் ஆண்டிலேயே இதை தேசியக் காடாக அறிவித்துவிட்டது.

எந்தப் பாதை?

மாநிலத்தின் குறுக்கே நீளும் ‘ஃப்ளோரிடா டிரெய்ல்’ நடைபாதை இந்தக் காட்டின் வழியாகப் போகிறது. அந்த நெடும்பாதையின் முதல் அடையாளக் குறி 1966-ல் தீட்டப்பட்டது, இந்தக் காட்டின் தெற்கே இருக்கும் கிளியர்வாட்டர் ஏரி அருகில்தான். அங்கிருந்து வடக்கே அலெக்ஸாண்டர் ஊற்று வரை சுமார் 16 கிலோமீட்டர். ஒரு நாள் நடைக்குப் பொருத்தமான தூரம்.

மரங்களில் செங்குத்தாகத் தீட்டிய ஆரஞ்சு நிறப் பட்டைதான் வழிகாட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் தெரிந்தால், பாதை திரும்பப் போகிறது என்று அர்த்தம். நீலப் பட்டை கிளைப்பாதைக்கு உரியது. சில நிமிடங்களாக ஆரஞ்சு நிறமே கண்ணில் படவில்லை என்றால், முன்னே போகாமல் கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பைன் மரங்கள் நிற்கும் காட்டில், ‘குத்துமதிப்பாகப் போய்விடலாம்’ என்ற நினைப்பு ஆபத்து.

முடிவில் இன்னொரு காரை நிறுத்தி வைப்பது அல்லது அழைத்துப்போக ஆள் ஏற்பாடு செய்வது அவசியம். அது முடியாதவர்கள், பாதி நாள் நடந்து அதே வழியில் திரும்பலாம். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் அலெக்ஸாண்டர் ஊற்று அருகே உள்ள, சுமார் ஒரு மைல் நீளமுள்ள ‘திமுக்குவான்’ வட்டப்பாதையில் நடந்து மகிழலாம்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்!

மென்மணலில் நடக்க, கெட்டியான தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். இந்தப் பாதையில் பைன் ஊசிகள் படிந்து இறுகிய பகுதிகளும் உண்டு. கால் புதையும் பகுதிகளும் உண்டு. எனவே, சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர்கூட இங்கே 3 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது நல்லது. அப்படிப் பார்த்தால் 16 கிலோமீட்டருக்கு, ஓய்வையும் சேர்த்து, ஏழு மணி நேரம். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டரை ஆகிவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். கோடையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். பிற்பகலில் இடி மின்னலும் சகஜம். திறந்த காட்டில் மின்னலிலிருந்து பாதுகாப்பான இடமே கிடையாது. காருக்குள் போவதுதான் வழி. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

வழியில் குட்டைகள் தென்படலாம். அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம். வறட்சியில் அவை வற்றிவிடும். இருந்தாலும் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது. குட்டை ஓரங்களில் முதலைகளும் இருக்கலாம்.

குளிர்காலத்தில்கூட ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்றரை லிட்டர். வெயில் ஏறினால் மணிக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்துவிடும். உப்புக் கடலை, ஊறுகாயோடு புளியோதரை, ஓ.ஆர்.எஸ் பொடி எல்லாம் பையில் இருக்கட்டும்.

போன வழியே திரும்புகிறவர்களுக்கு ஓர் எளிய விதி: தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு அவசரத்துக்கு. முதல் பங்கு தீர்ந்த இடத்தில் எவ்வளவு அழகான காட்சி இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் நிழலில் உட்காரவைத்து, உடலை நனைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், குழப்பமாக நடந்துகொண்டால் அது வெப்பத் தாக்கு. உடனே 911-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் சோர்வை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குழுவின் வேகத்தை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பையில் என்னென்ன?

* அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, நீளமான பேன்ட். உண்ணிகள் ஒட்டாமல் இருக்க பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் உடல் முழுக்கப் பார்த்துவிடுங்கள்.
* மணல் உள்ளே புகாத ஷூ, கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ். ஈர சாக்ஸும் மணலும் சேர்ந்தால் கொப்புளம் நிச்சயம்.
* பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் இங்கே வேட்டைக்கு அனுமதி உண்டு.
* போனில் இறக்கிவைத்த வரைபடம், ஒரு காகித வரைபடம், பவர் பேங்க். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது.
* கொசு விரட்டி, முதலுதவிப் பொருள்கள், விசில்.

கறுப்புக் கரடிகள் வாழும் காடு இது. மிச்ச உணவை எங்கும் போடாதீர்கள். கண்ணாடி விரியன்களைப் போலவே விஷம் கொண்ட ராட்டில் பாம்புகளும் உண்டு; விழுந்த மரத்தைத் தாண்டும்முன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் வனத்துறையின் இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா, திட்டமிட்ட தீமூட்டல் ஏதும் உண்டா, ஊற்றுப்பகுதி எத்தனை மணிக்கு மூடப்படும் என்று பார்த்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு நடந்தால், கடைசியில் காத்திருக்கிறது பரிசு. வழியெல்லாம் மணல் உறிஞ்சிக்கொண்ட மழை, சுண்ணாம்புப் பாறைக்குள் பயணம் செய்து, அலெக்ஸாண்டர் ஊற்றில் நாளொன்றுக்குச் சுமார் 25 கோடி லிட்டராகப் பொங்கி வருகிறது. கோடையோ குளிரோ, எப்போதும் 22 டிகிரி செல்சியஸ். அடி மணல் தெரியும் அந்தத் தண்ணீரில் களைத்த கால்களை நனைக்கும்போது, பையில் கடைசி அரை லிட்டர் தண்ணீர் மீதமிருந்தால், உங்கள் திட்டம் சரியாக இருந்தது என்று அர்த்தம்!