மலையோடை உளுவை மீன்

ஈரவலயத்திலே களு கங்கை, ஜின் கங்கை ஆகியவற்றின் கிளையோடைகளில், இரண்டு அங்குலத்துக்கு மேற் பெரிதும் வளராத உளுவை மீனொன்று வாழ்கின்றது. ஆண்மீனின் உதடு சிவந்திருக்கும். அறிவியலார் 1972 ஆம் ஆண்டிலேதான் இதனை விவரித்துப் பெயரிட்டனர். வயிற்றுச் செட்டைகள் இரண்டும் இணைந்து கிண்ணம் போலிருப்பதால், விரைந்தோடும் நீரிலும் பாறையைப் பற்றி நிற்கும்.

இவ்வின உளுவைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடலை அடைந்து, சிறிது வளர்ந்தபின் ஆற்றுவழியே மேலேறி வருவன. ஆதலால் கீழ்வயற் பகுதியில் நீர் கெட்டாலும் மலையோடையில் மீன் அற்றுப்போம்.

மருந்து தெளிக்கும் கருவியைக் கமக்காரர் சிலர் ஓடையிலேயே கழுவுகின்றனர். இது பெருந்தவறு, அயலார் குடிப்பதும் அந்நீரையே. கழுவிய நீரை மருந்து தெளித்த பயிருக்கே விடுக. மரக்கறித் தோட்டத்து மண் கரைந்து வரின், மீன் ஒதுங்கும் கல்லிடுக்குகள் தூர்ந்துவிடும். ஓடைக்கரையிலுள்ள புல்லையும் பற்றையையும் வெட்டாது விடுக. மேல்மண்ணும் தோட்டத்திலேயே தங்கும்.