மகன் அமெரிக்கக் குடிமகன்... அப்பாவின் வயல் யாருக்கு?

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு தண்டலம் பக்கம் நிலத்துக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இன்னும் வயலை விற்காமல் வைத்திருக்கும் அப்பாக்கள், 'நாம் இருக்கும்போதே அமெரிக்காவில் இருக்கும் பையன் பேருக்கு எழுதிவிடலாம்' என்று நினைப்பது இயல்பு. அங்கேதான் சிக்கல்.

பையன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே, 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். அது இருந்தால் ஒவ்வொரு பொங்கலுக்கும் விசா கேட்டு நிற்க வேண்டாம். வீடு, ஃபிளாட்கூட வாங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது.

'பெற்ற அப்பா சும்மா கொடுத்தால்?' என்பீர்கள். அன்னியச் செலாவணி விதிகள் அதற்கும் இடம் தருவதில்லை. தான செட்டில்மென்ட்டாக வீட்டைக் கொடுக்கலாம், வயலைக் கொடுக்க முடியாது!

ஆனால், அப்பாவின் காலத்துக்குப் பிறகு வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ அதே வயல் பையனுக்கு வரலாம். பின்னால் விற்பதென்றால், இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, ஊரிலேயே இருக்கும் மகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.