இரும்பிலே இறகு வரையும் உளி!

இத்தாலி நாட்டின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் கார்தோனே என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரேசியா நகரில் இருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தூரம். ஊர் வழியே மெல்லா ஆறு ஓடுகிறது. சுமார் 500 ஆண்டுகளாக இந்த ஊருக்குச் சோறு போடும் தொழில் ஒன்றுதான். துப்பாக்கி செய்யும் தொழில்!

மலையிலே இரும்புச் சுரங்கம். காட்டிலே கரிக்கு வேண்டிய மரம். சம்மட்டியைத் தூக்கி அடிக்க ஆற்று நீரின் வேகம். மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் கேட்பானேன்? வெனிஸ் அரசு தன் படைகளுக்கு வேண்டிய துப்பாக்கிகளை இந்தப் பள்ளத்தாக்கில்தான் வாங்கியது. 1526-ம் ஆண்டில் பார்த்தலோமியோ பெரெட்டா என்ற தொழிலாளி 185 துப்பாக்கிக் குழல்களை வெனிசுக்கு விற்றார். அதற்கு 296 டுகாட் காசு வாங்கினார். அந்தச் சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. அவருடைய வம்சத்தார் இன்றும் அதே ஊரில் தொழிற்சாலை நடத்துகிறார்கள்.

12-ம் நம்பர் என்றால் என்ன?

போர்வீரனின் துப்பாக்கி வேறு; பறவை வேட்டைக்காரனின் துப்பாக்கி வேறு. பின்னதில் ஒற்றைக் குண்டு கிடையாது. கடுகு போலவும் மிளகு போலவும் உள்ள ஈய ரவைகள் சிதறிப் பாயும். பெரும்பாலும் இரட்டைக் குழல்.

"12-ம் நம்பர் துப்பாக்கி" என்பார்கள். ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு அகலம் அதன் குழல் என்று பொருள். ஆகவே 20-ம் நம்பர் துப்பாக்கியின் குழல் 12-ஐ விடச் சிறியது. நம்பர் ஏறினால் குழல் குறுகும். வேடிக்கையான கணக்கு!

கையால் செய்யும் துப்பாக்கியில் பாகங்களைப் பொருத்த ஒரு பழைய உபாயம் உண்டு. ஒரு பாகத்தில் விளக்குப் புகையின் கரியைப் பூசி, மற்றொன்றோடு சேர்த்து அழுத்துவார்கள். கரி எங்கே ஒட்டுகிறதோ, அங்கே இரும்பு உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார்கள். மறுபடியும் கரி, மறுபடியும் அரம். இப்படிப் பல தடவை!

குழல் வெடித்தால் சுடுகிறவன் உயிருக்கே ஆபத்து. அதனால் கார்தோனேயில் 1910-ல் அரசாங்கச் சோதனைச் சாலை ஏற்பட்டது. அங்கே வழக்கத்தை விட வலுவான தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்க்கிறார்கள். தாங்கினால் முத்திரை கிடைக்கும்.

புள்ளியால் ஒரு படம்

துப்பாக்கிக்குப் பெரிய விலை தருவது செதுக்கு வேலைதான். குழலும் கட்டையும் கூடும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு இரும்புத் தகடுகள் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த இடத்தில் கொடியும் பூவும் வெட்டுவது பழைய வழக்கம். சுத்தியலால் உளியைத் தட்டித் தட்டி வெட்டுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்தோனே வட்டாரத்துக் கலைஞர்கள் வேறொரு முறையில் பேர் வாங்கினார்கள். அதற்குப் "புலினோ" என்று பெயர். சுத்தியலே கிடையாது. குமிழ்ப் பிடி போட்ட சிற்றுளியை உள்ளங்கையால் தள்ளி, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, ஊசி முனை போன்ற புள்ளிகளையும் மயிரிழைக் கோடுகளையும் இடுகிறார்கள். புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். கவுதாரியின் இறகும், வேட்டை நாயின் ஈர மூக்கும் போட்டோ பிடித்தது போல இரும்பில் எழும்புகின்றன! பிர்மோ பிரகாஸ்ஸி இந்த வேலையில் உலகப் புகழ் பெற்றவர். செசாரே ஜொவனெல்லி பட்டறை வைத்துப் பல இளைஞர்களைப் பழக்கினார்.

ஒரு துப்பாக்கிக்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. உளி ஒரு நூல் வழுக்கினால் அழிக்க ரப்பர் இல்லை. மற்றவர்கள் அதுவரை உழைத்த உழைப்பும் அந்த ஒரு கீறலில் தொங்குகிறது. கை நடுங்கக் கூடாது. கண் மங்கக் கூடாது.

இனி யார் வாங்குவது?

இத்தாலியில் 1980 வாக்கில் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமான வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. 1990-ல் வேட்டைக்கு எதிராக நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேட்டைக்கு எதிராகவே வாக்களித்தனர். ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேர் கூட வரவில்லை. ஆகவே அது செல்லாமல் போயிற்று.

மற்றொரு பக்கம் லேசர் யந்திரம் வந்துவிட்டது. மலிவான துப்பாக்கிகளில் அது நிமிஷக் கணக்கில் படம் போட்டுத் தள்ளுகிறது. உளி பிடித்த கைக்கு எஞ்சி இருப்பவர்கள் பெரும் பணக்காரர்கள்தான். அவர்களில் பலர் வாங்கிய துப்பாக்கியை ஒரு தடவைகூடச் சுடுவதில்லை. கண்ணாடிப் பேழையிலோ, இரும்புப் பெட்டியிலோ பூட்டி வைக்கிறார்கள். காட்டில் உள்ள கவுதாரிக்கு அதில் வருத்தம் இராது!